சந்தனப் பொட்டு வைத்த நுணுக்குக்காட்டி

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நுணுக்குக்காட்டி, அதாவது மைக்ரோஸ்கோப், ஒன்று இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். அதிபரின் அலுமாரிக்குள் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு கிடக்கும். வருடத்தில் ஒரே நாள், சரஸ்வதி பூசைக்கு, வெளியே வரும். சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி பூட்டிவிடுவார்கள்.

அங்கே உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த முதல் பிள்ளைகள் நாங்கள். எனக்கு மருத்துவப் பீடம் போகவேண்டும். ஆசையென்று சொல்லமாட்டேன், பிடிவாதம். பரீட்சையில் இரத்தத்தின் வெண்குழியங்களை வகை பிரிக்கச் சொல்லிக் கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்பதும் தெரியும். எங்களிடம் இருந்த ஒரே படம் ஜன்னலோரம் தொங்கி வெளுத்து, ஐந்து வகையும் ஒரே சாம்பல் நிறமாகியிருந்தது.

"ஒரு தடவ தாங்க சேர், டீச்சர் பக்கத்துலயே இருப்பாங்க" என்று அதிபரிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்.

"ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது, ஒங்கப்பாவா?"

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருடப் பூசையன்று, குறுக்குப் பாதையில் அட்டை கடித்த காலில் இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. எல்லோரும் சுண்டலுக்குப் போனதும், அதில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, பூசை மேசையிலேயே நுணுக்குக்காட்டிக்கடியில் வைத்துக் குனிந்தேன். வில்லையெல்லாம் சந்தனம். சீருடையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். செங்குழியங்கள் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தன. வெண்குழியம் ஒன்றையும் காணோம்.

"சாயம் போடாம அது தெரியாதும்மா" என்றார் பின்னால் வந்து நின்ற உயிரியல் டீச்சர்.

சாயமும் அதே அலுமாரியில்தான் இருந்தது. நுணுக்குக்காட்டியோடு வந்த போத்தல், மூடி திறக்காமலே வற்றி, அடியில் கறுப்பாக ஒட்டிக்கிடந்தது.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. இரண்டு குழியங்களை மாற்றி எழுதினேன். மருத்துவப் பீடம் கொஞ்சத்தில் தவறிப்போனது. அந்த ஒரு கேள்வியால் என்று சொல்லமாட்டேன். அந்தப் பூட்டால் என்று சொல்வேன்.

இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அந்த ஐந்து வகையோடுதான் என் பிழைப்பு. நியூத்திரோபிலின் கரு துண்டு துண்டாக இருக்கும். இயோசினோபிலுக்குள் செம்மஞ்சள் மணிகள் நிறைந்திருக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதையா பூட்டி வைத்தீர்கள் என்று கோபந்தான் வந்தது.

போன வருடம் பழைய மாணவியென்று பூசைக்குக் கூப்பிட்டார்கள். அதே அதிபர், அதே சிவப்புத் துணி, புதுச் சந்தனம். உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் இதில் என்ன பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பூசையில வச்சுத்தான் பாத்திருக்கோம் மிஸ்" என்றாள் ஒருத்தி.

கொண்டுபோயிருந்த சாயப் போத்தலை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுபடி பூட்டாமலிருக்க, அலுமாரிச் சாவியைக் கேட்டு அதிபரிடம் கையை நீட்டினேன்.

"பூசை முடியட்டுமே" என்றார்.

"முடிஞ்சிருச்சு சேர்" என்றேன். நீட்டிய கையை மடக்கவில்லை.