மேனேஜர் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, மாமல்லபுரத்தில் எங்கள் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார் அந்த வக்கீலம்மா. வேலை பறிபோனவர்களின் வழக்குதான் அவருக்குத் தொழில். குள்ளமான உருவம், மணலிலும் கழற்றாத கறுப்பு ஷூ. கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு மேலேயே கிடக்கும். அது மூக்கு நுனிக்கு இறங்கினால், அவர் மேனேஜராகிவிட்டார் என்று அர்த்தம்.

நான் ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். வார லீவு கேட்டு வாயாடினேன் என்று சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். ஓட்டல் நடத்தும் விசாரணைக்குள் வக்கீல் வரக்கூடாதாம். அதனால்தான் அவரே மேனேஜராக நடிக்கும் இந்த ஒத்திகை.

கண்ணாடி இறங்கியது. “இன்னாம்மா, வேலை செய்ய வந்தியா, வாயடிக்க வந்தியா?”

“தப்புதான் சார், மன்னிச்சிக்குங்க.”

“அய்ய! லீவு கேட்டது தப்பா? மறுபடியும் சொல்லு.”

மதியம் வரை திட்டு வாங்கினேன். விசாரணையில் நிஜ மேனேஜர் கத்தியபோது, ‘இவ்வளவுதானா’ என்றிருந்தது. நிதானமாகப் பதில் சொன்னேன். வேலை திரும்பக் கிடைத்தது.

நன்றி சொல்லப் போனால், கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “குந்து. எனக்குத் தொண்ட கட்டிகினு கீது. இன்னிக்கு நீதான் மேனேஜரு.”

சிற்பக்கூடத்து வேலையை இழந்த ஒருவர் ஒத்திகைக்காக எதிரே நின்றிருந்தார். கண்ணாடியை மாட்டியதும் அவர் முகமே எனக்கு மங்கிவிட்டது. கத்துவது அத்தனை சுலபமாயிருந்தது. பாவம், அவர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

“போதும்மா, எழுந்திரு” என்று வக்கீலம்மா சிரித்துக்கொண்டே இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.