உடுப்பு மாற்றும் நேரத்து ராப்பர்

மெல்பேர்னின் தென்கிழக்கில், 2002 தொடக்கம் 2007 வரை, பரதநாட்டிய அரங்கேற்றம் எதற்காவது போயிருந்த எவருக்கும் தென்பாலனைத் தெரிந்திருக்கும். பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டிருப்பார்கள் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்திருக்கும்.

உண்மைப் பெயர் சிவபாலன். ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். புறநகரான ரோவிலில் வளர்ந்து, கிளேட்டனில் கணினி படித்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டமளிப்பு அங்கி போட்டவன். பட்டம் வந்த பிறகு அடுத்து என்ன செய்வது என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. முன் அனுபவம் இருந்தால்தானே? அப்பா கதிர்காமநாதன் அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். மகன் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியை எடுத்து, கணினியை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பார்த்தீர்களா என்று நாள் முழுக்கக் கேட்கும் வேலைக்குப் போனான். பல்கலைக்கழகக் காலத்திலேயே பிடித்திருந்த ராப்பை மட்டும் விடவில்லை.

அவனுடையது அமெரிக்கத் தென்மாநிலங்களின் பாணி. நியூயோர்க்காரரைப்போல வாயால் மிளகாய் அரைப்பதில்லை. தாளம் கனமாக, மெதுவாக நடக்கும். சொற்கள் அதன் மேல் சாய்ந்துகொண்டு வரும். "நீ எந்த ஊர்த் தெற்கடா?" என்று நண்பர்கள் நக்கலடித்தபோது, மெல்பேர்னுக்குத் தெற்கே போனால் பென்குவின்கள்தான் இருக்கின்றன, ஆகவே உலகத்திலேயே மிகத் தெற்கத்திய ராப்பர் நான்தான் என்று வாதாடி, தென்பாலன் என்று பெயரும் வைத்துக்கொண்டான். தென்மாநில ராப்பர்கள் மாளிகையையும் தங்கப்பல்லையும் பாடுவார்கள். அவனிடம் அவை இல்லாததால் இருப்பதைப் பாடினான்:

ரோவிலுக்கு ரயிலில்லை
பஸ்ஸுக்கு மனமில்லை
அம்மான்ர கொரொல்லாவில
எனக்கெண்டு சாவியில்லை

அவனுடைய பொதுவாழ்க்கை ஒரு கொக்கியால் தொடங்கியது. 2002இல் விமலாதேவி ரீச்சரின் மாணவி ஒருத்தியின் அரங்கேற்றம். அன்றைக்குச் சிவபாலன் ஒலிபெருக்கியைக் கவனிக்க வந்திருந்தான். வர்ணம் முடிந்து உடுப்பு மாற்றப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. விசிறி மடிப்பின் கொக்கி அறுந்துவிட்டது. அறிவிப்பாளர் இரத்தினசிங்கம் அங்கிள் நன்றி சொல்லிச் சொல்லி ஆட்கள் தீர்ந்துபோய், கார் நிறுத்த இடம் காட்டியவருக்கே இரண்டாம் தடவை நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு ஓரத்துக்கு வந்தார்.

"தம்பி, நீர் அந்தக் கதைச்சுக் கதைச்சுப் பாடுறது ஒண்டு பாடுவீர் எல்லே?"

"ராப், அங்கிள்."

"ஓம், அதுதான். அதைக் கொஞ்சம் விடும்."

"எவ்வளவு நேரம்?"

"கொக்கி தைச்சு முடியும்வரைக்கும்."

பதினான்கு நிமிடம் பாடினான். பிள்ளை வந்தாள், தில்லானா ஆடினாள், எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் அன்று விமலாதேவி ரீச்சர் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். உடுப்பு மாற்றும் நேரத்தில் மிருதங்கம் வாசித்தால், எழும்பிப் போகச் சனம் வெட்கப்படும். வித்துவான் முகம் கோணும். ராப் பாடினால் அந்தக் குற்றவுணர்வே இல்லை. அந்தப் பதினான்கு நிமிடத்தில் முந்நூறு பேரும் ரீ குடித்து, ரோல்ஸ் சாப்பிட்டு, கழிவறைக்கும் போய் வந்துவிடலாம்.

அதன் பிறகு அவனுக்கு ஓய்வில்லை. ஐந்து வருடத்தில் முப்பத்தேழு அரங்கேற்றங்கள். ஒருமுறை சிட்னிக்குக் கூட அழைத்தார்கள். அங்கே பிளாக்டவுன் கடையொன்றில் ஒரு அன்ரி அவனை அடையாளம் கண்டு, "ஐயோ, நீர் அந்த ரீ நேரத்துத் தம்பியெல்லே!" என்று கையைப் பிடித்தார். மேடையில் நின்றபோது குசினிப் பக்கமிருந்து தூது வரும்: "தம்பி, இன்னுமொரு பாட்டு இழும். வடை பொரிஞ்சு முடியேல்லை." இழுப்பான். தென்மாநிலப் பாணி இழுப்பதற்கு வசதியானது. முன்னால் வெறுங் கதிரைகள் இருக்கும். ஒருநாள் கடைசி வரிசையில் ஒருவர் அசையாமல் இருப்பதைப் பார்த்து உற்சாகமாகிக் குரலை உயர்த்தினான். அவர் விழித்துக்கொண்டார்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொல்ல அவனால் முடியும். ஒரு பாட்டைப் பற்றி மட்டும் முடியாது.

அந்தப் பாட்டின் பெயர் 'ஒத்தடம்'. பதினொரு வயதில் அவன்தான் அப்பாவின் மொழிபெயர்ப்பாளன். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பெட்டி தூக்கி அப்பாவின் முதுகு பிடித்துக்கொண்டபோது டொக்டரிடம் கூட்டிப்போனவனும் அவன்தான். பெட்டி தூக்கும் பிரிவிலிருந்து மாற்றச் சொல்லித் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதித் தருவதாக டொக்டர் சொன்னார். கிழமையில் இரண்டு நாள் நீச்சல் குளத்துக்குப் போகச் சொன்னார். பையன் யோசித்தான். குளத்தில் அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். அப்பா அரைக் காற்சட்டையோடு அங்கே வந்து நிற்பதை ஒரு கணம் மனதில் பார்த்தான். குளத்தை மறைக்கப் போய், ஒன்றைச் சொன்னால் மற்றதும் வெளிவரும் என்ற பயத்தில் கடிதத்தையும் மறைத்துவிட்டான்.

"என்னவாமடா?" என்று அப்பா கேட்டார்.

"வெந்நீர் ஒத்தடம் குடுக்கட்டாம்."

அப்பா இன்னும் ஒன்பது வருடம் பெட்டி தூக்கினார். ஒத்தடமும் ஒழுங்காகக் கொடுத்தார்.

இதை நேரே சொல்லத் துணிவில்லாமல் பாட்டாக எழுதினான். ஒவ்வொரு சொல்லும் அப்பாவுக்கு விளங்கவேண்டும் என்று இருந்ததிலேயே மெதுவான தாளத்தில் வைத்தான். இருபது மேடைகளிலாவது பாடியிருப்பான். ஆனால் அரங்கேற்றத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தால் அப்பாவின் முதுகு விறைத்துவிடும். இடைவேளை என்றதும் முதலில் எழும்பி வெளியே நடக்கப் போகிறவர் அவர்தான். அவர் வாசலைத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் அவன் அந்தப் பாட்டைத் தொடங்குகிறானா? இந்தக் கேள்வி வந்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. முந்நூறு பேர் முன்னால் தைரியசாலி; முந்நூறு பேரும் வடைக்குப் போனபிறகு.

2007இல் சொந்தமாக ஒரு குறுந்தட்டு வெளியீடு வைத்தான். கிளேட்டனில் ஒரு பாடசாலை மண்டபம். நடனம் இல்லை, உடுப்பு மாற்றம் இல்லை, அவன் மட்டும். அப்பாவுக்கு முன்வரிசையில், முதுகுக்குத் தலையணையோடு ஒரு கதிரை. முதற் பாட்டே 'ஒத்தடம்'. அவருக்கு முதுகு விறைக்க முன்னரே சொல்லி முடித்துவிட வேண்டும். இரத்தினசிங்கம் அங்கிள் வரவேற்றார், விளக்கேற்றினார்கள், தென்பாலன் மேடைக்கு வந்தான். தாளம் எழுந்தது.

மண்டபமும் எழுந்தது.

ஒருவரிலும் பிழை சொல்ல முடியாது. ஐந்து வருடப் பழக்கம். அந்தத் தாளத்தைக் கேட்டால் காலே வாசலுக்குப் போகும். குசினியில் நின்றவர்களும் பதறி ரீயை ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். "இண்டைக்கு வெள்ளெணத் தாறாங்கள்" என்று, ரீ முன்கூட்டியே வந்ததை யாரோ மெச்சுவது மேடைவரைக்கும் கேட்டது. அப்பாவும் தலையணையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிக்கொண்டிருந்தார்.

சிவபாலன் தாளத்தை நிறுத்தினான்.

தாளம் நின்றால் பிள்ளை உடுப்பு மாற்றி வந்துவிட்டாள் என்று அர்த்தம். சனம் கோப்பையும் கையுமாகத் திரும்பி வந்து கதிரைகளில் இருந்தது. அப்பாவும் இருந்தார். மேடையில் ஒருவன் ஒலிவாங்கியோடு சும்மா நின்றான். பேச்சு என்றால் எப்படிக் கேட்பது என்று அந்தச் சனத்துக்குத் தெரியும், கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

அவன் பாட்டை வெறும் வாயால் சொன்னான். எதுகை கெட்டது, இரண்டு இடத்தில் வரி மறந்தது. டொக்டர், கடிதம், குளம், அரைக் காற்சட்டை. அரைக் காற்சட்டையில் சிலர் சிரித்தார்கள். ஒன்பது வருடம் என்ற இடத்தில் எவரும் ரீயை உறிஞ்சவில்லை. முழுவதும் சொல்லி முடித்தான்.

பிறகு நடந்தது வழக்கமானதுதான். "தம்பி, என்ன மாதிரிப் பேசினீர்!" என்றார் இரத்தினசிங்கம் அங்கிள். "எனக்கும் வயசு போகுது. இனி அறிவிப்பை நீரே செய்யும்." விமலாதேவி ரீச்சரின் முகம் வாடிவிட்டது. "அப்ப ரீ நேரத்துக்கு நான் ஆரைப் பிடிக்கிறது?"

இருவரும் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வெலிங்டன் வீதி சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா கேட்டார்.

"வேற என்ன சொன்னவர்?"

"ஆர்?"

"டொக்டர். மிச்சத்தையும் சொல்லு."

சிவபாலன் நினைவிலிருந்த அத்தனையையும் சொன்னான். குனியாமல் முழங்காலை மடித்துத் தூக்குவது, கெட்டியான மெத்தை, கிழமையில் இரண்டு நாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டார். கோபமா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாதெண்டு அந்தாளுக்குச் சொன்னனியோ?"

"அவர் கேக்கேல்லை அப்பா."

"நீயும் சொல்லேல்லை."

"இல்லை."

பச்சை விழுந்தது. "ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போ," என்றார்.

ஞாயிறு காலை இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா புது அரைக் காற்சட்டை போட்டிருந்தார். விலைச்சீட்டை இன்னும் எடுக்கவில்லை. பயிற்சி கொடுத்த பெண், பதினெட்டு வயது இருக்கும், ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"கம்பியை விடட்டாம், அப்பா. தண்ணி தூக்குமாம்."

அப்பா அவனுடைய கையைப் பார்த்தார்.

"முதல்ல நீ விடு."