மாஸ்டர் சொல்லாத வரி

எங்கள் கொயர் மாஸ்டருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. ராயபுரத்தில் எங்கள் தேவாலயத்தில் பரமண்டல ஜெபம் தொடங்கினால் சபை முழுவதும் அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி வரும்போது மட்டும் அந்தக் குரல் நின்றுவிடும். வாயை இறுக மூடிக்கொண்டு பீடத்துக்கு மேலே இருக்கிற ஜன்னலைப் பார்ப்பார். சபை தடுமாறி ஆளுக்கொரு வேகத்தில் போகும். அடுத்த வரியில் திரும்ப வந்து எல்லாரையும் சேர்த்துக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் மனுஷனுக்கு இருமலோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். இருமலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் மன்னிக்காத ஆள் நான். மூன்று வரிசை பின்னால் நின்று பதினோரு வருஷம் அந்த மௌனத்தைக் கேட்டிருக்கிறேன்.

எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் அப்போது நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மாஸ்டரின் ஒரே மகனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் நான்தான். இருபத்தாறு வயது. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கொயரில் அவனும் நானும் பேஸ் என்கிற அடிக்குரல், பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். அது ஒரு டிசம்பர், கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கும் நாள். எங்கள் பக்கத்துச் சபைகளில் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. வீடு வீடாகப் போய்ப் பாட வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அன்று காலடிப்பேட்டையில் தொடங்குவதாக ஏற்பாடு. நாலரை மணிக்கு மாஸ்டர் போன் செய்தார். "இன்னாப்பா, ஆறு மணிக்கு டாண்ணு கெளம்பணும். பேஸ் பாட ஆளே இல்ல. என் புள்ளைய சீக்கிரம் அனுப்பி வுடு, நீயும் வந்து சேரு. லாரி நிக்குது, ட்ராஃபிக்குன்னு கதை வுடாத."

மரச்சரக்கு வைத்த கன்டெய்னருக்குள் பூச்சி சாவதற்காக மருந்துப் புகை விடுவார்கள். அதன் பிறகு கதவைத் திறந்து போதுமான நேரம் காற்றாட விட்டு, மருந்தடித்தவர்களே வந்து கருவி வைத்துப் பார்த்து, கதவில் ஒட்டிய மண்டையோட்டுத் தாளைக் கிழிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். அன்று தாள் கிழிக்கப்படவில்லை. கதவு மதியமே திறந்தாகிவிட்டது, கடல்காற்று வேறு இப்படி அடிக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு பெட்டியைப் பார்த்து முடித்தால் இரண்டு பேரும் கிளம்பலாம். "ஒண்ணும் ஆவாதுடா, சட்டுனு பாத்துட்டு வா. உங்கப்பா கத்துறாரு" என்றேன். "அவரு கத்தலன்னாத்தான் பேஜாரு" என்று சிரித்துக்கொண்டே போனான். நான் வெளியே நின்று பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐயோ, துடைத்துக்கொண்டிருந்தேன்! மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் போய்விட்டான்.

விசாரணையில் என் தப்பை நான் மறைக்கவில்லை. போகச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போயிற்று, கேஸ் நடந்தது, அதெல்லாம் நான் பட வேண்டியதுதான். மாஸ்டர் போன் செய்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன் தலையில் அதையும் ஏற்ற வேண்டுமா? எனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று அந்தத் துக்கத்திலும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாஸ்டரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், ஆராதனை விட்டு வெளியே வரும்போது அத்தனை பேர் பார்க்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ வேணும்னா பண்ண? வுடுப்பா. ஆண்டவர் முன்னாடி சொல்றேன், உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. வூட்டுக்கு வா, ஒரு வாய் சாப்புடு." நான் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினேன். பக்கத்தில் நின்ற மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அந்த ஞாயிறிலிருந்துதான் அவர் அந்த வரியை விட்டார். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கும் போவதில்லை. ஒருவன் மேல் மனக்கசப்பை வைத்துக்கொண்டு அந்த அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது என்பது எங்கள் விசுவாசம். நிறைய பேர் கசப்பை மடியில் கட்டிக்கொண்டே போய் முழங்கால் போடுகிறோம், அது வேறு கதை. மாஸ்டர் போகமாட்டார். சபையே எழுந்து பீடத்தண்டை போகும்போது ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். மூன்று போதகர்கள் மாறினார்கள், மூன்று பேரும் பேசிப் பார்த்தார்கள். "மனசுல இல்லாதத வாயில சொல்லிட்டு அப்பத்த வாங்கச் சொல்றீங்களா ஐயா? ஆண்டவரையே ஏமாத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டாராம்.

நானும் அவரிடம் போகாமல் இல்லை. முதல் வருஷம் காலில் விழுந்தேன், காலை இழுத்துக்கொண்டார். "எழுந்து போப்பா" என்றார், அவ்வளவுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையும் கேக்கோடு போவேன். அக்கா உட்காரச் சொல்லித் தட்டை வைப்பார். மாஸ்டர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். சபையில் கல்யாணம், ஞானஸ்நானம் என்று எங்கே போனாலும் ஜனங்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் என்ன செய்ய முடியும்? பிடுங்கியா வாங்க முடியும் மன்னிப்பை? அவர் விட்ட வரியை நான் இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்வேன். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வேறொன்று ஓடும்: போன் பண்ணது யாரு? அதுவும் கசப்புத்தான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. நான் ஒழுங்காகத் திருவிருந்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் மாஸ்டருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா என்னைத் தெருமுனையில் நிறுத்தி அழுதார். "சாவு எனக்கு பயமா இல்லப்பா. மன்னிக்காமலே போய்ட்டாருன்னா மேல போய் இன்னான்னு நிப்பாரு? அதான் எனக்கு கொல நடுங்குது." இரண்டு நாள் கழித்து மதியம் ஆள் அனுப்பினார். மாஸ்டர் கூப்பிடுகிறாராம். பாதி சாப்பாட்டில் எழுந்து ஓடினேன். வழியெல்லாம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். அந்தக் குரல் கிசுகிசுப்பாகிவிட்டிருந்தது, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "நான் போன் பண்ணத நீ யாராண்டயும் சொல்லல."

"இல்ல மாஸ்டர்."

"இவளாண்ட?"

"சொல்லல."

"உன் மேல கோவம்னு சபையே நெனச்சிகினு கீது. மொதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த வரிய சொல்லி உன்ன வுட்டுட்டா, என்னையும் வுட்டுடணும்ல? அது முடியலப்பா. அவன கூப்ட்டது நானு." என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ என்னைய மன்னிச்சிட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிற மனுஷன், நான் கொன்ற பிள்ளையின் தகப்பன் கேட்கிறார். எனக்கு வந்தது கோபம். சத்தியமாகச் சொல்கிறேன், இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. காலை இழுத்துக்கொண்டது, பின்கட்டுக்குப் போனது, ஊர் பார்க்க என்னைப் பதினோரு வருஷம் நிற்கவைத்தது, எல்லாம் திரண்டு முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்தேன். வரவில்லை. போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரல, இல்ல?" என்றார். அதில் துளிக் கோபம் இல்லை. "எனக்குத் தெரியும்பா அது. போய்ட்டு வா."

நாளைக்கு வந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. நான்காம் நாள் விடியற்காலையில் போய்விட்டார்.

ஐஸ் பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தபோது அக்கா எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அன்னிக்கு உன்னாண்ட இன்னாப்பா சொன்னாரு? மன்னிச்சேன்னு சொன்னாரா?" அந்தக் கண்ணைப் பார்த்து நான் வேறு என்ன சொல்வேன், நீங்களே சொல்லுங்கள். "சொன்னாருக்கா" என்றேன். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து கையைத் தூக்கிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். அடக்க ஆராதனையில் போதகர் அதைச் சொன்னபோது சபையே அழுதது. நிறைய பேர் வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

இப்போதும் நான் வாரத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போகிறேன். தனியாக இருக்கிறார், காது மந்தமாகிவிட்டது. டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "அவரு சொன்னத அப்படியே இன்னொரு வாட்டி சொல்லுப்பா" என்பார். காதுக்குக் கேட்க வேண்டுமே என்று நான் சத்தமாகச் சொல்கிறேன்: "'உன்ன மன்னிச்சிட்டேன்பா'ன்னு சொன்னாருக்கா." தடங்கல் இல்லாமல் வருகிறது அந்த வார்த்தை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் என்கிறார். நானும் ஸ்தோத்திரம் என்கிறேன்.