காட்டெருமைக்கு எந்தத் தோட்டா

முட்டைகூடச் சாப்பிடாதவன் நான். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகும் வெள்ளைக்காரர்களுக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று யோசனை சொல்வதுதான் என் உத்தியோகம். வெளிநாட்டுத் துப்பாக்கிக் கடை ஒன்றின் இணையதளத்தில் கேள்வி கேட்டால் பதில் எழுதுகிறவன் நானே. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. அதனாலென்ன? ஜோசியர்களெல்லாம் செவ்வாய்க்குப் போய்விட்டு வந்தா செவ்வாய் தோஷம் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் கேட்பது இரட்டைக்குழல் ரைஃபிளைப் பற்றித்தான். ஓடிவரும் காட்டுப்பன்றிக்கு ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் தோட்டா போதும். துப்பாக்கி கனக்காது, தோளிலும் அவ்வளவாக உதைக்காது. காட்டெருமை, யானை என்றால் 'நானூற்று எழுபது' என்கிற பெரிய ரகத் தோட்டாவுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன். பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி, ஒரு குறிப்பிட்ட தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் அவற்றைச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். குண்டின் எடையை மாற்றினால் ஒரு குழல் கிழக்கே சுடும், இன்னொன்று மேற்கே சுடும். ஆகவே எந்த மிருகம், எந்தத் தோட்டா என்பதை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை.

எங்கள் வீட்டில் காயை நறுக்குவது என்றுகூடச் சொல்ல மாட்டோம். 'திருத்துவது' என்போம். வெட்டு, நறுக்கு எல்லாம் ஹிம்சைச் சொற்கள். வேட்டைக்காரர்களும் இதில் எங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. கொன்றேன் என்று ஒருவரும் எழுதுவதில்லை. 'அறுவடை செய்தேன்' என்பார்கள். நானும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.

முப்பத்தாறு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆசை இருந்தது, அதில் என்ன வெட்கம்? வந்த ஜாதகமெல்லாம் 'பையன் என்ன பண்றான்' என்ற இடத்தில் திரும்பிப் போனது. கடைசியாக ஒரு தரகர் மாமா சாமர்த்தியமாக, "துப்பாக்கி சம்பந்தமான உத்தியோகம்" என்று மட்டும் சொல்லிவைத்தார். வேறு ஊராக இருந்தால் போலீஸா என்று கேட்டிருப்பார்கள். திருச்சியில் துப்பாக்கி என்றால் அரசாங்கத் தொழிற்சாலைதான். பெண் வீட்டார் உடனே வரச் சொல்லிவிட்டார்கள்.

திருவானைக்கோவிலில் ஃபிளாட். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பெண் பாங்க்கில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறாள். எதிரே நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

"குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காளா? இல்ல, ஆத்துலேர்ந்தே போய்ட்டு வரேளா?" என்று பெண்ணின் அப்பா வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். கைலாசபுரம் டவுன்ஷிப்பில், கம்பெனி கொடுத்த வீட்டில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். அவருக்கு வைகுண்டத்துக்கு அடுத்தபடி குவார்ட்டர்ஸ்தான்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. தொழிற்சாலையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை என்று இருப்பதை அப்படியே சொன்னேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "தேசத்துக்குத் துப்பாக்கின்னா சரி. வேட்டைக்கா? ஜீவ ஹிம்சையாச்சே!"

"உத்சவத்துல பெருமாளே பாரிவேட்டைக்கு எழுந்தருள்றாரே," என்றாள் அம்மா.

"பெருமாள் எதையும் சுடறதில்ல மாமி. போய்ட்டுத் திரும்பிடறார்."

கிளம்பலாம் என்று நான் துண்டை எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"யாருக்காவது விக்க மாட்டேன்னு சொன்னதுண்டா?"

"உண்டு," என்றேன். "பழைய ரைஃபிள் வெச்சிண்டிருந்த ஒருத்தர், அதுக்குப் பொருந்தாத லேசான குண்டு கேட்டார். காட்டெருமைக்குப் போறவர். தர முடியாதுன்னுட்டேன். கடைக்காரன் என்னைத் திட்டினான்."

"ஏன் அப்படிச் சொன்னேள்?"

"குறி தப்பிக் காயம் பட்டா, அது நாள்கணக்கா வலியோட காட்டுல அலையும். இல்லேன்னா திரும்பி வந்து மனுஷனைக் குத்தும். சாகற மிருகம் சட்டுனு சாகணும்."

வெற்றிலைத் தட்டுக்கு முன்னால், பெண் பார்க்க வந்தவன் வாயிலிருந்து 'சாகணும்'! "நல்ல நாளும் அதுவுமா!" என்று அவள் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆட்டோவில் அம்மா வாங்கு வாங்கென்று வாங்கினாள். "காய் திருத்தறோம்னு சொல்லி வளர்த்தேனேடா! பொண்ணு பாக்கப் போன எடத்துல உன் நாக்குல சனியன் ஒக்காந்துண்டானா?" இந்த இடமும் போயிற்று என்று துக்கமாக இருந்தது. இந்த முறை அது உண்மையாகவே வலித்தது.

மறுநாள் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள்தான்.

"அப்பாட்ட எனக்குச் சம்மதம்னு சொல்லிட்டேன். நேத்து பூரா கத்தினார். இப்போ எறங்கி வந்துட்டார்."

"நான் பேசினது அபசகுனம்னு…"

"இதுக்கு முன்னாடி வந்தவாள்ட்டயும் நான் ஏதாவது கேட்டிருக்கேன். அத்தனை பேரும் எங்கப்பா மூஞ்சியைப் பாத்துண்டே பதில் சொல்லுவா. நீங்க ஒருத்தர்தான் என்னைப் பாத்துச் சொன்னேள்."