சனிக்கிழமைதோறும் கழுவப்பட்ட சிவப்புக் கார்

நவம்பர் மாதத்தில் திருகோணமலைக்குப் போகிறவனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டார்கள். வாடைக்காற்று தொடங்கியிருக்கும், கடல் கலங்கிக் கிடக்கும், நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் பாதி பூட்டியிருக்கும். ஆனால் நான் கடல் பார்க்கப் போகவில்லை. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வவுனியாவில் இருப்பவன். அடிபட்ட வாகனங்களுக்குக் காப்புறுதிக் கம்பனி சார்பாக மதிப்புப் போடுவது என் தொழில். அதாவது, மனிதர்கள் நினைத்திருக்கும் தொகையைவிடக் குறைவான தொகையை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமோ என்னவோ, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு ஜப்பான் கார்மேல் எனக்கு இருபது வருட ஆசை. இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, பொத்தானை அழுத்தினால் மேலே எழும்பும் முன் விளக்குகள். வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட வருடங்களில் இதன் விலை மரத்தில் ஏறி உட்கார்ந்தது. இறக்குமதி திறந்த பிறகும் இறங்கி வரவில்லை. கம்பனிப் பெயரையும் மொடலையும் இங்கே போடவில்லை. போட்டால் நாளைக்கே விற்பவர்கள் இன்னும் ஐந்து இலட்சம் கூட்டிவிடுவார்கள்.

விளம்பரம் இப்படி இருந்தது: “திருகோணமலை. சிவப்பு. ஒன்பது வருடமாக ஓடவில்லை, ஆனால் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது. நாற்பத்தைந்து இலட்சம்.” படத்தில் கார் பளபளத்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள நாங்கள் நாலு பேரும் எப்பிடி இருக்கிறது?” என்று மட்டும் கேட்டாள். அவள் இன்னும் கேட்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டுவிட்டேன்.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். ஐந்தே முக்கால் பஸ், கட்டணம் 340 ரூபாய். சாதாரண பஸ்தான். யன்னல் ஒன்று மூடாது, அந்த யன்னலுக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. ஹொரவப்பொத்தானை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மடியில் காரைத் தூக்கிப் பார்க்கும் ஜக், காலடியில் காந்தமும் ரோச்சும் போட்ட ஆயுதப் பை, தோளில் ஈரம். எட்டரை மணியளவில் பஸ் நிலையத்தில் இறங்கினேன். திருகோணமலை மான்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்றைக்கு அவை கடைத் தாழ்வாரத்தின் கீழ் ஒதுங்கி, வாழைப்பழத் தோலோடு சேர்த்துப் பொலித்தீனையும் தின்றுகொண்டு நின்றன. படம் எடுக்க மனம் வரவில்லை.

ஓட்டோக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். உள்துறைமுகப் பக்கம் போகவேண்டும் என்று சொல்லி விலாசத்தைக் காட்டியதும் திரும்பி என் பையைப் பார்த்தார்.

“அந்தச் சிவப்புக் காருக்கா போறீங்க?”

“ஓம். தெரியுமோ?”

“தெரியாம? காலையில அஞ்சு நிமிஷம் எஞ்சின் போட்டு வைப்பாரு. அந்த ரோட்டில அந்தச் சத்தம் கேட்டாத்தான் விடிஞ்ச மாதிரி. ஆனா கார் ரோட்டுக்கு வந்து நான் ஒருநாளும் கண்டதில்ல.”

அந்த ஐந்து நிமிஷக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். கட்டணம் 300 ரூபாய். பேரம் பேசவில்லை.

வீடு குடாவின் நீர் விளிம்பிலிருந்து இருநூறு மீற்றர் இருக்கும். வாசலில் காத்திருந்தவர் சிவபாலன் அண்ணன், வயது அறுபத்து மூன்று, துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். கார் அவருடைய தம்பி குமரனுடையது. குமரன் கனடா போய் ஒன்பது வருடம். போகும்போது சாவியை அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். திரும்பி வருவதில்லை என்று இப்போது முடிவாகிவிட்டது.

காரைக் காட்டுமுன் அவர் எனக்குக் காட்டியது வேறொன்று. அதே வளவின் பின்பக்கம் லிண்டல் மட்டத்தோடு, கூரையில்லாமல் நின்றுபோன ஒரு வீடு. சுவரெல்லாம் பச்சைப் பாசி. அறைக்குள் மழைத் தண்ணீர் கணுக்காலளவு நின்றது.

“மகளுக்குக் கட்டினது. தர்சினி மாவட்டக் கச்சேரியில அரசாங்க வேலை. தை மாதம் கலியாணம் எண்டு கதைச்சு வச்சிருக்கு. வீடு இல்லாமல் பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி அனுப்புறது? குமரன் சொல்லிப்போட்டான், காரை வித்து பெறாமகளுக்குக் கூரை போடுங்கோ எண்டு.”

கிழக்கிலே மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது எப்படிப்பட்ட விஷயம் என்று வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். வீடு முடியாவிட்டால் கலியாணமும் நடக்காது, அவ்வளவுதான். அந்த இடத்திலேயே எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. கார் பார்க்க வருகிறவனுக்கு விற்பவரின் கதை தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஒழுங்காக வேலை செய்யாது.

கொட்டிலுக்குள் காரை மூடியிருந்த தறப்பாளை இழுத்தார். உண்மையைச் சொல்கிறேன், மூச்சு நின்றுவிட்டது. மேலே ஒரு கீறல் கிடையாது. காந்தத்தை எடுத்து கதவு, மட்கார்ட், பொனற் எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடித்தது. புட்டி வைத்து மறைத்த வேலை எதுவும் இல்லை. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போயின. லீசிங் பாக்கி இல்லை. சாவியைத் திருகியதும் முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது. முன் விளக்குகள் இரண்டும் எழும்பின. நாற்பத்தைந்து வயது மனிதன் கொட்டிலுக்குள் தனியே நின்று இளித்ததைச் சிவபாலன் அண்ணன் கண்டிருப்பார். “நல்லாயிருக்கோ தம்பி?” என்று அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு எண்ணெய் மூடியைக் கழற்றினேன். உள்ளே பால் கலந்த கோப்பி நிறத்தில் சளி. தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓடி, சூடாகாமலே அணைக்கப்படும் எஞ்சினுக்குள் ஈரம் தங்கிவிடும். ஓட்டோவுக்குள் எனக்குப் பிடிக்காமல் போனது இதுதான். சைலன்சர் குழாயை விரலால் அமர்த்தினேன், விரல் உள்ளே போனது. சரி, எண்ணெய் மாற்றலாம், சைலன்சர் மாற்றலாம், இரண்டு இலட்சத்தோடு முடியும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஜக்கை வைத்தேன். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டிதான் இந்தக் காரைத் தாங்குகிறது. அதில் ஜக் வைப்பதற்கென்றே ஓர் இடம் உண்டு. கைபிடியைச் சுற்றினேன். கார் உயரவில்லை. இன்னும் சுற்றினேன். நொறுங்கும் சத்தம் கேட்டது, ஜக் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நிலத்தில் படுத்து ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். ஸ்குரூட்ரைவர் நுனியால் தட்டிய இடமெல்லாம் தகடு துருவேறி, கறள் செதில் செதிலாக முகத்தில் விழுந்தது. பின் ரயர்ச் சில்லுக்கு மேலே ஒரு துவாரம், அதன் வழியாகக் கார்க் கம்பளத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. மேலே கலியாணப் பெண் மாதிரி இருந்த கார், கீழே ஒன்றுமே இல்லை. முன்பக்கத் தகட்டில் தண்ணீர்த் துளிகள் இன்னும் தொங்கின. முந்தின நாள் சனிக்கிழமை.

எழும்பி வந்து முகத்தில் ஒட்டிய கறளைத் துடைத்தேன். கை கழுவச் சிவபாலன் அண்ணன் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். சவர்க்காரம் போட்டேன், நுரைக்கவே இல்லை. தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். சவர்த் தண்ணீர். சும்மா சவரும் இல்லை, நாக்கில் ஒட்டும் உப்பு.

“அண்ணன், காரை இந்தத் தண்ணியிலயோ கழுவுறனீங்கள்?”

“ஓம். பைப் தண்ணி குடிக்கத்தானே காணும். காருக்கு வாளி வாளியா வேணும். மோட்டர் போட்டு ஹோஸால கீழ்ப்பக்கமும் அடிக்கிறனான்.” அவர் குரலில் ஒரு பெருமை. “குமரன் போகேக்க சொன்னவன், கடற்காத்தில உப்புப் படியும், கிழமைக்கு ஒருக்கா கீழ கழுவோணும் எண்டு. ஒரு சனிக்கிழமை விட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த கிழமை தர்சினி கழுவினவ.”

உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். கழுவி முடிந்ததும் காயவிடாமல் தறப்பாள். ஒன்பது வருடம். இதைவிடக் கவனிக்காமல் விட்டிருந்தால் கார் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கும்.

தர்சினி தேத்தண்ணியோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டார். “அங்கிள், சொன்ன விலைக்குப் போகுமோ?” என்று நேராகவே கேட்டார். நான் தொழிலில் பேசுவது போலவே பேசினேன். இதை ரோட்டில் ஓட்ட ஏலாது. வெட்டி ஒட்டுவதென்றால் செலவு காரின் விலையைத் தாண்டும். எஞ்சின், கியர்பெட்டி, கதவுகள், விளக்குகள் என்று பாகம் பாகமாக விற்றால் பத்து, பன்னிரண்டு இலட்சம் வரலாம். எனக்கு வேண்டாம்.

சிவபாலன் அண்ணன் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. கிணற்றைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“கடற்காத்தோ தம்பி?”

நான் கோப்பையைப் பார்த்தேன்.

“கடற்காத்து எண்டால் இந்த ரோட்டில நிக்கிற எல்லா வாகனமும் எல்லோ உக்கியிருக்கோணும்,” என்றார் அவரே. பிறகு மெதுவாக, “நான் கழுவினதாலயோ?”

“ஓம் அண்ணன்.”

இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு ‘ஓம்’ போல எதுவும் எனக்குக் கசந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. குமரன். அங்கே நடுச்சாமம், இரவு வேலையின் இடைவேளையில் எடுத்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டார். “என்ன அண்ணை, ஆள் வந்திட்டாரோ? என்னவாம்?” சிவபாலன் அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். நீட்டும்போதே தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். சொல்ல வேண்டாம் என்கிறார். எனக்கு விளங்கியது.

“எஞ்சின் நல்லம். கார்ப் பொடிதான் சரியில்லை, கீழ முழுக்கக் கறள். கடற்காத்து,” என்றேன்.

மறுமுனையில் மெஷின் சத்தத்துக்கு மேலாகக் குமரனின் குரல் உயர்ந்தது.

“நான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னனான், கிழமைக்கு ஒருக்கா கழுவுங்கோ எண்டு. அண்ணை, விட்டிட்டீங்களோ?”

தர்சினி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தகப்பன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஓம் குமரன். இடையில கன நாள் விட்டிட்டன். மழைக்காலத்தில ஏலாமப் போச்சு.”

“சரி, விடுங்கோ,” என்றார் குமரன். அந்தக் குரல் நல்லாயில்லை. போன் வைக்கப்பட்டது. தர்சினி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

“அவன் சொன்னதைச் செய்துதான் இப்பிடி ஆச்சு எண்டு அவனுக்குத் தெரிய வேண்டாம் தம்பி. அங்க தனிய இருக்கிறவன். யோசிச்சுக்கொண்டே இருப்பான்,” என்றார் சிவபாலன் அண்ணன். என் ஜக்கை அவரே துடைத்துப் பையில் வைத்துத் தந்தார்.

மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் 450 ரூபாய்க்குச் சோறும் மீனும். மீன் நல்லது என்றுதான் நினைக்கிறேன், ருசி ஞாபகமில்லை. திரும்பும் பஸ்ஸிலும் மழை.

பழைய கார் பார்க்கக் கடலோர ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு: பெயின்றைப் பார்த்து மயங்காதீர்கள், காந்தம் ஒத்துப்போனாலும் மயங்காதீர்கள். சொந்த ஜக் கொண்டுபோங்கள், அதற்குரிய இடத்தில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் பிடிக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நன்றாகச் சூடாகும்வரை ஓடவிடுங்கள். எவ்வளவு கவனமாக வைத்திருந்தீர்கள் என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை, என்ன தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேளுங்கள். காருக்குக் கிட்டப் போகுமுன் அந்த வீட்டுக் கிணற்றில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கீழ்ப்பக்கத்தைக் கழுவுவது நல்லதுதான், ஆனால் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு மூடுங்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு சிவபாலன் அண்ணன் போன் எடுத்தார். பாகத்துக்கென்று ஒருவர் காரைப் பதினொரு இலட்சத்துக்கு வாங்கி, லொறியில் ஏற்றிப் போயிருக்கிறார். கூரைக்கு ஓடு போட அந்தக் காசு காணாது, மலிவான சீற் போடுவதாகத் தீர்மானம். மாப்பிள்ளை பகுதி தை மாதத்தை ஆவணிக்குத் தள்ளிவிட்டார்கள். ஆவணிக்கும் நிச்சயமா என்று நான் கேட்கவில்லை. குமரன் முந்திப் போல அடிக்கடி எடுப்பதில்லையாம். அதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை, வேலை கூடவாக்கும் என்றார்.

இந்தப் பதிவில் பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் சம்பந்தப்பட்டவர் படித்தால் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய அண்ணன் ஒரு சனிக்கிழமைகூட விட்டவரல்ல. அதை அந்தத் தம்பி வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. வாசித்துவிடக் கூடாதே என்று பயமாகவும் இருக்கிறது.