அக்கா மறந்துவிட்ட பை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள், கடைசி வரை படித்துவிட்டு, உங்கள் வீட்டுக் காற்று மெத்தையை ஒருமுறை புரட்டிப் பார்த்த பிறகு அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. நெஞ்சு போடும் சத்தத்தைக் கேட்டு அக்கா வைத்த பட்டப்பெயர் துருத்தி. கேலிதான். ஆனால் நான் இரைத்தால் முதலில் எழுந்து உட்காருவதும் அவள்தான். கூடாரம் போட்டு வெளியில் தங்கும் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தது அவளும் அவள் கணவரும். மாமா என்று கூப்பிடுவேன். எல்லாம் பிடித்தது, காற்று மெத்தை ஊதுவதைத் தவிர. பாதி ஊதுவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிடும்.

அதற்கு அக்காதான் ஒரு சுலபமான வழி காட்டினாள். மெல்லிய துணிப் பை ஒன்று. அதன் அடியிலுள்ள குழாயை மெத்தையின் வால்வில் செருக வேண்டும். பையின் வாயை அகல விரித்து, ஒரு சாண் தள்ளி இருந்து, ஒரே ஒரு தடவை லேசாக ஊதினால் போதும். சுற்றியிருக்கும் காற்றும் சேர்ந்துகொண்டு உள்ளே ஓடும், பை குண்டாகிவிடும். உடனே வாயைச் சுருட்டி அழுத்தினால் அத்தனையும் மெத்தைக்குள். நாலைந்து தடவை செய்தால் படுத்துவிடலாம்.

“வால்வுல மட்டும் வாய வைக்காதடா. உன் நெஞ்சு தாங்காது.” ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வாள்.

போன வருடம் மாமா இறந்தார். தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது, ஆஸ்பத்திரியில், என்று அக்கா சொன்னாள். அதன் பிறகு அவள் எங்கும் போகவில்லை. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை, அதை விட்டால் வீடு. அதனால் அவளே கூப்பிட்டு, ஏரிப் பக்கம் ஒரு ராத்திரி தங்கலாமா என்று கேட்டபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பழைய அக்கா திரும்பக் கிடைத்துவிட்டாள்.

அந்தி சாய்வதற்குள் கூடாரம் அடித்தோம். எங்களைத் தவிர யாரும் இல்லை. அக்கா தனக்கு ஒரு பாயை விரித்துக்கொண்டு, எனக்கு ஆரஞ்சு நிறக் காற்று மெத்தையை விரித்தாள். தலைமாட்டில் நீல ஸ்டிக்கர். மாமாவின் மெத்தை அது. நான் புரட்டி உதறப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“பையை மறந்துட்டேன்டா. வாயாலயே ஊதிடு. இன்னைக்கு ஒரு நாள்தானே.”

கடுகு அளவு சாமானைக்கூட மறக்காதவள் அக்கா. நீயே ஊதேன் என்றேன்.

“நான் ஊதிப் பாத்துட்டேன். நிக்கல.”

ஓட்டையா என்று கேட்டேன். எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள்.

ஊதினேன். நடுவில் இரண்டு முறை இன்ஹேலர் எடுத்தேன். மெத்தை ஏறிவிட்டது. கடைசியாக வாயை எடுத்தபோது, உள்ளிருந்து ஒரு காற்று என் முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாக... மாமா எப்போதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் இருமல் மிட்டாயின் வாசனையோடு.

பிரமை என்று வால்வை மூடிவிட்டுப் படுத்தேன்.

விழித்தபோது மணி 9:20. முதுகு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. என் மூச்சுதான் என்று நினைத்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

மெத்தை உயர்ந்தது...

தாழ்ந்தது...

டார்ச்சைப் போட்டேன். பாயில் அக்கா இல்லை. என் தலைமாட்டில் குப்புறப் படுத்திருந்தாள். காது மெத்தையில் பதிந்திருந்தது.

“அக்கா...”

“ஷ்ஷ். பேசிட்டிருக்கார்.”

என் நெஞ்சு இறுகியது. மெத்தை ஒவ்வொரு முறை உயரும்போதும் எனக்குள் காற்று குறைந்தது. சட்டைப் பையைத் தடவினேன். இன்ஹேலர் இல்லை.

அவள் கைக்குள் இருந்தது.

“குடுக்கா...”

“கொஞ்சம் இருடா. நீ மூச்சு விட்டா அவர் பேசுறது கேக்கல.”

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தவழ்ந்தேன். ஜிப்பை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. வெளியே நின்ற என் காருக்குள் இன்னொரு இன்ஹேலர் கிடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் இரைப்பு அடங்கியது. ஆனால் கூடாரத்துக்குள்ளிருந்து...

விசில் மாதிரி...

இழுத்து... இழுத்து...

என்னுடைய இரைப்புச் சத்தம்.

விடிந்ததும் அக்கா எதுவும் நடக்காதது போல மெத்தையைச் சுருட்டி காரில் வைத்தாள். தம்ளர் எடுக்கத் தன் பையைத் திறந்தபோது, நாலாக மடித்த அந்தத் துணிப் பை மேலேயே இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“டீ குடிக்கிறியாடா?” என்றாள்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டேன். மெத்தையை மட்டும் கொடுக்கவில்லை. மறுநாள் கூடாரம், மெத்தை ரிப்பேர் செய்யும் கடைக்கு எடுத்துப்போனேன். கடை முழுக்கப் பசை வாடை. தண்ணீர்த் தொட்டியில் எதையோ முக்கிக்கொண்டிருந்தவர் நீல ஸ்டிக்கரைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டார்.

“இத எதுக்குத் தம்பி மறுபடி கொண்டு வந்தீங்க? ஆகாதுன்னு அந்தம்மாகிட்ட மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டேனே.”

புரட்டிக் காட்டினார். அடிப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கத்தியால் கீறிய கிழிசல். இதில் ஒரு நிமிடம்கூடக் காற்று நிற்காது என்றார். நேற்று முன்தினம் ராத்திரி நான் இதில்தான் படுத்திருந்தேன்.

அவர் தன் போக்கில் பேசிக்கொண்டே போனார். அந்தம்மாவின் கணவர் ஏதோ காட்டில், கூடாரத்தில், இதன் மேலேயே இறந்துபோனாராம். அன்று மாலை அவர் வாயால் ஊதிய மெத்தையாம். உள்ளே இருக்கும் அவர் மூச்சு வேண்டும் என்று அந்தம்மாவே கிழித்தாராம்.

“பாவம், புத்தி கலங்கிப்போச்சு போல. போறப்ப ஒண்ணு கேட்டாங்க பாருங்க, இன்னும் எனக்குப் புரியல. மூச்சிரைப்பு இருக்கிறவங்க ஊதினா இது எவ்ளோ நேரம் தாங்கும்னு.”

மூன்று மாதம்.

அந்த மூன்று மாதமும் அக்கா தினம் தவறாமல் எனக்குப் போன் செய்தாள். எடுத்ததும் ஒரே கேள்விதான். “மூச்சு எப்படிடா இருக்கு?”

அதை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.