இரண்டு பொட்டலம், ஒரு பிரதிநிதி

என் மகள் எந்தப் பொட்டலத்தை முதலில் தொட்டாள்?

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் ரெங்கம் ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பதில் தெரியவில்லை. சிரிப்புத்தான் வருகிறது...

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு வருஷா வருஷம் ஒரு பிரதிநிதி. ஜொகூர் பாருவுக்கு ரயிலேறி, அதிகாரிகளிடம் ஊர்க் குறைகளைச் சொல்லிவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் தேர்தல் நாளில் பார்க்கவேண்டுமே — பட்டாபிஷேகம் தோற்றது!

என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. முதல் வருஷம் எதிர்க்க ஆளில்லாமல் ஜெயித்தார். அடுத்த வருஷம் மளிகைக்கடை துரைசாமி அண்ணன் எதிர்த்து நின்றார். இவர் நீளமாகப் பிரசங்கம் செய்தார். அண்ணன் எல்லாருக்கும் கோப்பி கொடுத்தார். தோற்றோம். மூன்றாம் வருஷம் இவர் வாயையே திறக்கவில்லை — ஜெயித்துவிட்டார்!

இந்த வருஷமும் அதே இரண்டு பேர்தான். கை தூக்கினால் மனஸ்தாபம் வருகிறதென்று ஆளுக்கொரு ரப்பர் கொட்டை கொடுத்தார்கள். பிடித்தவருடைய பால்டின்னில் போடவேண்டும். எண்ணிப் பார்த்தால் இரண்டு டின்னிலும் சமம். மறுபடி எண்ணினாலும் சமம்!

சங்கத் தலைவரான தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஐயா, "பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றார். வாழையிலையில் மடித்த இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ என் வீட்டுக்காரர், சிவப்புப் பூ அண்ணன். விவரம் தெரியாத பிள்ளை எடுக்கவேண்டும். கூட்டத்திலிருந்த ஒரே கைக்குழந்தை என் மகள்.

"அலமாக்! கிராணி மகளா?" என்றது ஒரு குரல்.

"பூவுல அப்பன் பேரா எழுதியிருக்கு? எடுக்கட்டும் லா" என்றார் துரைசாமி அண்ணனே.

மடியில் பாப்பாவோடு உட்கார்ந்தேன். காலையில் வயிறு நிறையப் பால் குடித்தாளா? சபை நடுவே அழுதுவிட்டால்? கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ஹாலே குலுங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவின் ஒரு கையில் பிரிக்காத வெள்ளைப் பூப் பொட்டலம். மறு கையில் பிரிந்துபோன வாழையிலை. வாயில் செம்பருத்தி!

"நம்ம அண்ணனையே மென்னுடுச்சு லா!"

விரலை விட்டுத் தோண்டியெடுத்தேன். பாதிதான் வந்தது.

எதை முதலில் தொட்டாள்? ஆளுக்கொன்று சொன்னார்கள். டிரஸர் ஐயா என் பக்கம் திரும்பினார். "புள்ள உங்க மடியில இருந்துச்சு. நீங்க சொல்றதுதான் முடிவு."

"தங்கச்சி பொய் சொல்லாது. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றார் அண்ணன். இப்படிச் சொன்னால் எப்படி?

பெண்களுக்கு ஓட்டில்லை என்பது சங்கத்தின் சட்டம். ஓட்டில்லாத என் வாயிலிருந்துதான் பிரதிநிதி வரவேண்டுமாம்! "கேட்டுச் சொல்றேங்க" என்று உளறினேன். யாரிடம் கேட்பது, பாப்பாவிடமா? அடுத்த மாதக் கூட்டம் வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் இவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"கண்ண மூடியிருந்தேன்னே சொல்லிடு கமலா. அதானே நெஜம்" என்றார், பெருந்தன்மையாக. நாலடி நடந்ததும், "ஆனா... வெள்ளதானே மொதல்ல?" என்றார்.

வெள்ளை என்றால் ஊர் நம்பாது. சிவப்பு என்றால் வீடு தாங்காது. உண்மையைச் சொன்னால் மறுபடி பூக்கட்டுவார்கள். பாப்பா மறுபடியும் தின்பாள்.

நான் என்ன சொல்லட்டும்? இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சகோதரிகள் யாராவது எழுதுங்களேன். அப்படியே, அந்த மிச்சப் பாதிப் பூ பிள்ளை வயிற்றை ஒன்றும் செய்யாதே? அதை முதலில் எழுதுங்கள்!